ஸ்கேலாருக்கு ஒரு முழம் மல்லி

ஸ்கேலார் என்றால் யாரோ பெரிய மனிதர் என்றுதான் நாகம்மா நினைத்துக்கொண்டார். அதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாமனார், சாமியார் என்று தமிழில் 'ஆர்' சேர்ந்தால் மரியாதை. நாகம்மா வீட்டில் பேசுகிற தெலுங்கில் 'காரு' சேர்ந்தால் மரியாதை. பாகலூர்ச் சந்தையில் பேசுகிற கன்னடத்தில் தேவரு, யஜமானரு என்று 'அரு' வந்தால் மரியாதை. இப்படி மூன்று பாஷையிலும் கும்பிடத் தோதான பெயரோடு, டிபன் பாக்ஸ் அளவில் கறுப்பாக ஒரு பெட்டி வந்து நாலாம் நம்பர் மெஷின் தலையில் உட்கார்ந்தால், அந்தப் பக்கம் தரை கூட்டுகிறவர் வேறு என்னதான் செய்வார்? மறுநாள் காலையில் ஒரு முழம் மல்லி வாங்கிவந்து பெட்டிக்குச் சுற்றிவிட்டார்.

"ஸ்கேலாரு எந்த ஊரு மேடம்?" என்று தமிழ்செல்வியிடம் கேட்டார்.

"அது ஆளு இல்லக்கா. அலை."

"அலைன்னா?"

"கடல்ல வருதுல்ல, அந்த மாதிரி. ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"அதத்தானே நானும் சொல்றேன், கண்ணுக்குத் தெரியாதவருன்னு" என்று நாகம்மா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தமிழ்செல்விக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியில், அளவுக் கருவி அறையில் பயிற்சியாளராக இருந்தாள். மைக்ரோமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்ப்பாள். மூன்றும் ஒன்றாக வந்தால், அதெப்படி இவ்வளவு சரியாக வரும் என்று சந்தேகப்பட்டு நாலாவது முறையும் வைத்துப் பார்ப்பாள். சாயங்காலம் ஆறரைக்குப் பகுதிநேர டிப்ளமோ வகுப்பு. இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி.

அந்த மாதம் முப்பதாம் தேதியோடு அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிறது. பெர்மனென்ட் கடிதம் கையில் வந்தால் ஓசூர், டிப்ளமோ எல்லாம் உண்டு. வராவிட்டால் அருப்புக்கோட்டை பஸ், அங்கே அம்மா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட அவள் மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் ஒரே மாதிரிதான் இருந்தது.

பெட்டியைக் கொண்டுவந்தவர் பெயர் கமலக்கண்ணன். கம்பெனி முதலாளி பூபதியோடு கிருஷ்ணகிரியில் ஒரே பெஞ்சில் படித்தவர். விசிட்டிங் கார்டில் 'அலை ஆராய்ச்சியாளர்' என்று போட்டிருந்தது. சாதாரண மின்காந்த அலையெல்லாம் பழைய சரக்கு, இது ஸ்கேலார் அலை, சுவரும் தடுக்காது, தூரமும் தடுக்காது, எந்தக் கருவியிலும் சிக்காது, மனிதனின் சோர்வையும் மெஷினின் நடுக்கத்தையும் ஒரே நேரத்தில் போக்கும் என்று அவர் கான்பரன்ஸ் அறையில் முக்கால் மணி நேரம் பேசினார். பூபதி நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர். எதற்கும் பாதியாக ஆசைப்பட அவருக்குத் தெரியாது. "கமலா, கெட்டுப்போன மெஷின் ஒண்ணு இருக்குது. அதுல வெச்சுப் பாப்போம்" என்றார்.

அந்தக் கெட்டுப்போன மெஷின்தான் நாலாம் நம்பர். ஒரு ஷிப்டுக்கு நூற்றறுபது ஷாஃப்ட் போட்டால் பதினாலு பதினைந்து அளவு தப்பி ரிஜெக்ஷனில் போகும். மூன்று மாதமாக யாராலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. ஸ்கேலார் வந்து உட்கார்ந்த இரண்டாம் நாள் அந்த எண்ணிக்கை நாலானது. மூன்றாம் நாள் மூன்று.

கம்பெனிக்குப் பித்துப் பிடித்தது. கேன்டீனில் ஸ்கேலாரைப் பற்றித்தான் பேச்சு. ஷிப்டு ஆரம்பிக்குமுன் ஆட்கள் வரிசையில் வந்து கும்பிட்டார்கள். லோடிங் பகுதியில் ஒருவருக்கு முதுகுவலி போனது, இன்னொருவருக்குத் தொலைந்த ஏடிஎம் கார்டு கிடைத்தது. பூபதியோ நடக்கவே இல்லை, துள்ளினார். அடுத்த ஷெட்டில் இந்தப் பெட்டியை இங்கேயே செய்து உலகத்துக்கெல்லாம் விற்பது என்று முடிவாகி, பளபளப்பான தாளில் ஒரு நோட்டீசும் அடித்து வந்துவிட்டது. அதன் அடியில், 'ஆய்வகச் சான்று: ஸ்கேலார் அலை உள்ளது என உறுதி செய்கிறேன்' என்ற வரிக்குக் கீழே ஒரு கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"செல்வி, நம்ம லேப்னா இப்ப நீதானே?" என்றார் பூபதி. அளவுக் கருவி அறையில் இருந்த சீனியர் போன மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். "முப்பதாந்தேதிக்குள்ள ஒரு ரிப்போர்ட். ஒன் பெர்மனென்ட் பேப்பரும் அன்னிக்கித்தான் என் டேபிளுக்கு வருது. ரெண்டையும் ஒட்டுக்கா முடிச்சிரலாம்."

அவர் மிரட்டவில்லை. ரொம்பச் சந்தோஷமாகத்தான் சொன்னார். தமிழ்செல்வி நோட்டீசின் கடைசி வரியை மூன்று முறை படித்தாள்.

சாயங்கால வகுப்பில் விரிவுரையாளரிடம் கேட்டாள். "ஸ்கேலார் அலையா? சிலபஸ்ல இல்ல, உக்காரு" என்று அவர் வருகைப் பதிவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவளும் ஹரீஷ்குமாரும் நூலகத்தில் இருந்த இயற்பியல் புத்தகங்களை எல்லாம் இழுத்துப் போட்டார்கள். ஹரீஷ் பாகலூர்க்காரன். அதே நாலாம் நம்பர் மெஷினின் ஆபரேட்டர். வகுப்பில் அவளுக்குப் பக்கத்து பெஞ்ச்.

"குறுக்கலை, நெட்டலைன்னு போட்ருக்கு பாரு" என்றான் ஹரீஷ். "நம்ம கம்பெனி பஸ்ல ஏறும்போது பின்னாடி இருக்கறவன் ஒரு தள்ளு தள்ளுறான். அது அப்டியே ஆள் ஆளா மாறி முன்னாடி இருக்கறவன் முதுகுல வந்து விழுதில்ல, அது நெட்டலை. சத்தம் அந்த மாதிரி போகுது."

"குறுக்கலை?"

"பஸ் ஏறின பெறகு டிரைவரு வளைவுல திருப்பினா எல்லாரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடறோம்ல, அது. ஒளி, ரேடியோ, எக்ஸ்ரே எல்லாம் அந்தக் கூட்டம். வெத்திடத்துல மின்காந்த அலை குறுக்கால மட்டுந்தான் ஆடும், போற பக்கமா முட்டாது. சமன்பாட்டுலயே அது வருது."

"அப்ப நெட்டுவாக்குல மின்புலம் வரவே வராதா?" தமிழ்செல்விக்கு விட மனசில்லை. அடுத்த புத்தகத்தைப் புரட்டினாள். பிளாஸ்மாவுக்குள் வரும், அலைகளை அனுப்பும் உலோகக் குழாய்க்குள்ளும் அப்படி ஒரு கூறு வரும் என்று இருந்தது. ஸ்கேலார் என்ற சொல்லும் இருந்தது. திசை இல்லாமல் அளவு மட்டும் உள்ளது ஸ்கேலார், வெப்பநிலை மாதிரி. ஆனால் கமலக்கண்ணன் சொன்ன, சுவரும் தூரமும் தடுக்காத, கருவிக்குச் சிக்காத அலை எந்தப் புத்தகத்திலும் இல்லை. வலைத்தளங்களில் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கண்டுபிடித்திருந்தார். இன்னொருவர் செய்து பார்த்தபோது அதே மாதிரி வந்தது என்று ஒன்றில்கூட இல்லை.

"அப்ப இயற்பியல்காரங்க ஒத்துக்கலன்னு எழுதிரு, முடிஞ்சது" என்றான் ஹரீஷ்.

"புத்தகம் ஒத்துக்கிறாததுக்காகப் பொய்யின்னு ஆயிருமா? புத்தகத்துல இல்லாததும் ஒருநாள் வருமில்ல? நா அளந்து பாக்கணும்."

"நீ ஒன் கை விரலையே பத்து இருக்கான்னு எண்ணிப் பாக்கற ஆளு."

அவள் பெட்டியைக் கேட்டு வாங்கி, வகுப்பு ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், கம்பிச் சுருளையும் அலைகாட்டியையும் வைத்து இரண்டு சாயங்காலம் பார்த்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது, திறந்தால் அலை வெளியே போய்விடும் என்று கமலக்கண்ணன் சத்தியம் வாங்கியிருந்தார். சுவர் தடுக்காத அலையைப் பெட்டி எப்படித் தடுக்கும் என்று அவள் கேட்கவில்லை, நோட்டில் குறித்து மட்டும் வைத்தாள். திரையில் அறையின் கரண்ட் இரைச்சல் தவிர எதுவும் வரவில்லை. பெட்டி ஆனில் இருந்தாலும் அதே கோடு, ஆஃபில் இருந்தாலும் அதே கோடு. அறிக்கையில் சுத்தமான கையெழுத்தில் எழுதினாள்: 'ஸ்கேலார் அலை கண்டறியப்படவில்லை.'

பயந்து பயந்து பூபதியின் மேசையில் வைத்தாள். கமலக்கண்ணன் அதை வாங்கிப் படித்தார். படித்தவர் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினார்.

"பூபதி! கண்டறியப்படவில்லையாம்! நான் என்ன சொன்னேன்? எந்தக் கருவிலயும் சிக்காதுன்னு சொன்னேனா இல்லியா? ரெண்டு நாள் மெனக்கெட்டுருக்காங்க, சிக்கலியே!"

"அடேங்கப்பா!" என்று பூபதியும் எழுந்தார். "செல்வி, பிரமாதம்மா!"

"சார், இல்லன்னுதான் நா எழுதிருக்கேன்..."

"இல்லன்னு எங்க எழுதிருக்க? கண்டறியப்படலன்னுதானே எழுதிருக்க? இந்தக் கையெழுத்த அப்டியே நோட்டீசுல ஒண்ணு போட்டுரு."

ஸ்வீட் பெட்டி ஒன்று எங்கிருந்தோ வந்தது. தமிழ்செல்வி வாயில் மைசூர்பாக்கை வைத்துக்கொண்டு நின்றாள். தான் எழுதியது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் தோன்றியது. இருந்தாலும் ஜெயம், இல்லாவிட்டாலும் ஜெயம் என்றால், அவள் அளந்ததற்கு அர்த்தமே இல்லை. மைசூர்பாக்கை விழுங்கிவிட்டு, "சார், இன்னும் ஒரே ஒரு சோதன" என்றாள். "அலைய அளக்க வேணாம். ரிஜெக்ஷன அளப்போம். எட்டு வேலநாளு. நாலு நா பெட்டி ஆனு, நாலு நா ஆஃபு. எந்த நா எதுன்னு சீட்டுப் போட்டு எடுப்பேன், மெஷின்ல நிக்கறவுங்களுக்குத் தெரியாது. ஆனா முதல்லயே என்ன வருமின்னு கமலக்கண்ணன் சார் எழுதிக் குடுக்கணும்."

"ஆன்ல அஞ்சுக்குக் கீழ, ஆஃப்ல பத்துக்கு மேல. எழுதிக்கோங்க மேடம்" என்ற கமலக்கண்ணன், கீழே பெரிதாக ஒரு கையெழுத்தும் போட்டார். அந்தக் கையெழுத்தில் இருந்த தைரியத்தைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

கேன்டீன் டம்ளரில் எட்டுச் சீட்டு. பெட்டியில் எரியும் பச்சை விளக்கு தெரிந்தால் குட்டு வெளியாகிவிடும். அதற்கு அவள் ஏதும் செய்ய வேண்டியிருக்கவில்லை, நாகம்மாவின் மல்லி அதை மூடியிருந்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, சீட்டுப்படி பின்பக்கச் சுவிட்சைப் போட்டோ அணைத்தோ விட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அறைக்குப் போய்விடுவாள்.

முதல் நாள் ஆன், மூன்று. இரண்டாம் நாள் ஆஃப், மூன்று. அடுத்தது ஆஃப், இரண்டு. பிறகு ஆன், இரண்டு. ஐந்தாம் நாள் ஆஃப், மூன்று. போட்டாலும் அணைத்தாலும் ஒன்றுதான். தமிழ்செல்வி உள்ளுக்குள் குதித்தாள். குதித்துக்கொண்டே கவலைப்பட்டாள். பெட்டி சும்மா என்றால், பதினாலு எப்படி மூன்றானது?

ஆறாம் நாள் ஆன். சாயங்காலம் ஹரீஷ் வந்து ரிஜெக்ஷன் டிரேயை அவள் மேசையில் வைத்தான். பதினைந்து.

"என்னடா இது?"

"எங்கிட்ட கேட்டா? ஸ்கேலாருக்குக் கோவமோ என்னவோ."

அவள் பதினைந்தையும் திரும்ப அளந்தாள். அளந்தது சரி. டயல் கேஜை மாற்றி அளந்தாள். அதுவும் சரி. தன்னுடைய முறையிலேயே எங்கோ ஓட்டை என்று முடிவுகட்டி, தலையைப் பிடித்துக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்தாள். பெட்டியில் இருந்த மல்லி முந்தின நாளுடையது. வாடியிருந்தது.

"இன்னிக்குப் புதுப் பூ வெக்கலயா?"

"நாகம்மாக்கா லீவு. குருபரப்பள்ளில அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து" என்றான் ஹரீஷ்.

ஏழாம் நாள் காலை தமிழ்செல்வி மெஷினுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து ஒளிந்துகொண்டு பார்த்தாள். நாகம்மா வந்தார். செருப்பைக் கழற்றினார். பூ வைக்குமுன், ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார். நின்றிருந்த மெஷினின் கதவைத் திறந்து, ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடைகளை, தேங்காய் மூடி கழுவுகிற மாதிரி, ஒவ்வொன்றாகத் துடைத்தார். இடுக்குகளுக்கு ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ். அரிசி அளவுக்கு இரும்புச் சீவல்கள் பொலபொலவென்று விழுந்தன. பிறகுதான் பூ.

தமிழ்செல்வி அட்டைப்பெட்டியோடு சேர்ந்து சரிந்து விழுந்தாள்.

"அய்யோ தேவுடா!" என்று நாகம்மா வாளியைத் தவறவிட்டார். "யாரு! மேடமா? பூனன்னு நெனச்சேன்."

"அக்கா, இத என்னக்கா பண்றீங்க?"

"சாமி உக்காந்துருக்காரு. அவரு காலடில கச்சாடா இருக்கலாமா? மொத நாள்லர்ந்து தொடச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். முன்ன தரைய மட்டுந்தான் கூட்டுவேன்."

சக்கில் ஒரு சீவல் சிக்கினால் ஷாஃப்ட் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். சாய்ந்து உட்கார்ந்தால் அளவு தப்பும். முதல் வருஷப் பாடம். ஆபரேட்டர்களுக்கு உற்பத்தி எண்ணிக்கைதான் கண்ணில் இருந்தது, மெஷினை நிறுத்தித் துடைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. தமிழ்செல்வி நாகம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹரீஷ் வந்து விஷயத்தைக் கேட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்டின்னா ஸ்கேலாரு நானாம்மா?" என்றார் நாகம்மா, கொஞ்சம் பயந்து.

அன்று ஆன், இரண்டு; மறுநாள் ஆஃப், மூன்று. எட்டு நாள் கணக்கும் இருபத்தெட்டாம் தேதி கான்பரன்ஸ் அறைக்கு வந்தது. தமிழ்செல்வி தாளை நீட்டினாள். "ஆஃப்ல பத்துக்கு மேல வரணும், மூணுதான் வந்துருக்கு சார். கொறஞ்சது நாகம்மாக்கா தெனம் மெஷினத் தொடைக்கறதால."

கமலக்கண்ணன் அசரவில்லை. "ஆன்ல இருந்த அலை மெஷினுக்குள்ள ஊறிப்போயிருக்கு மேடம். ஊறுகாய் மாதிரி."

"அப்ப ஒருநா ஆன்ல பதினஞ்சு வந்துச்சே?"

"யாரோ சந்தேகத்தோட நின்னுருக்காங்க. சந்தேகம் ஸ்கேலார் அலைய முறிச்சிடும்."

"மூணு வந்தா அலை ஊறிருக்கு. பதினஞ்சு வந்தா அலை முறிஞ்சிருக்கு." தமிழ்செல்வி தாளில் இரண்டு எண்களையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். என்ன வந்தா, இது பொய்யின்னு நீங்க ஒத்துக்குவீங்க?"

கமலக்கண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். "அந்த மாதிரி ஒரு ரிசல்ட் வரவே வராதுங்க மேடம்."

பூபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கமலா, எது வந்தாலும் நீயே ஜெயிக்கிறயேடா. பள்ளிக்கூடத்துல கோலி வெளையாடும்போதும் இப்பிடித்தான் பண்ணுவ."

கமலக்கண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெட்டிய எடுத்துட்டுப் போறேன். நாளைக்கே தெரியும் பாரு" என்று சாபம் போல ஒன்றைச் சொல்லி, பூவும் குங்குமமுமாக ஸ்கேலாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

மறுநாள் ரிஜெக்ஷன் பதிமூன்று.

பூபதி அளவுக் கருவி அறைக்குள் புயலாக வந்தார். "பாத்தியா! பெட்டி போச்சு, பழசு வந்துருச்சு! என் சிநேகிதன நானே வெளிய தள்ளிட்டேன். ஒன் பேச்சக் கேட்டு!"

"சார், நாகம்மாக்கா தொடச்சாங்களான்னு..."

"தொடச்சாங்க தொடைக்கல! அலை போச்சு!" கதவு படீரென்று மூடிக்கொண்டது. திரும்பவும் திறந்தது. "நாளைக்கு முப்பதாந்தேதி. ஞாபகம் இருக்குதா?"

தமிழ்செல்வி ஓடிப்போய் நாகம்மாவைப் பிடித்தாள். "ஏன்க்கா, இன்னிக்கி மெஷினத் தொடைக்கலயா?"

"சாமியே போயிட்டாரு. ஆளில்லாத எடத்துல எதுக்கும்மா தொடைக்கணும்?" நாகம்மாவுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. "போகும்போது சொல்லிக்கக்கூட இல்ல."

தமிழ்செல்விக்கு அன்று வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. நோட்டில் இரண்டு வரி எழுதினாள். ஒன்று, பெட்டி இல்லை, துடைக்கவில்லை: பதிமூன்று. இரண்டாவது வரியில், பெட்டி இல்லை, துடைத்தது என்று எழுதி எண்ணுக்கு இடம் விட்டாள். அந்தக் காலி இடத்தை நிரப்ப ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்த எண் பதினாலாக வந்துவிட்டால்? நாகம்மாவின் துணி, பிரஷ், தான் கண்டுபிடித்ததாக நினைத்த காரணம், எல்லாமே கமலக்கண்ணனின் அலை மாதிரி தன் மனசில் ஊறினதுதான் என்றால்? அவரிடம் கேட்ட கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். 'பத்துக்கு மேல் வந்தால் நான் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அருப்புக்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்தும் வைத்தாள்.

முப்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு அவளே வாளியும் துணியுமாக நாலாம் நம்பருக்கு முன் நின்றாள். அந்தத் தாளை மெஷின் கதவில் ஒட்டினாள். "நிறுத்துடா" என்றதும் ஹரீஷ் மெஷினை நிறுத்தினான். தாடை தாடையாகத் துடைத்தாள். இருபது ஷாஃப்டுக்கு ஒருமுறை திரும்ப நிறுத்தித் துடைத்தாள். கூலன்ட் எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. ஒன்பது மணிக்குப் பூபதி வந்தார். தாளைப் படித்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ரிஜெக்ஷன் டிரேக்கு எதிரில் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார்.

முதல் ஐம்பதில் ஒன்று தப்பியது. பூபதி உறுமினார். எண்பதாவதில் இன்னொன்று. அப்போது நாகம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏம்மா, இப்பிடியா தொடைப்பாங்க? அந்த மூல விட்டுப்போச்சு பாரு. குடு இங்க." பிரஷைப் பிடுங்கிக்கொண்டார்.

"சாமி இல்லன்னீங்களேக்கா?"

"சாமி இல்லன்னா என்னா? நீ ஊருக்குப் போயிட்டா நா யாருகிட்ட பேசறது?"

அதற்குப் பிறகு கணக்கு ஒரு திருவிழா ஆனது. பக்கத்து மெஷின்காரர்கள் டீ குடிக்கிற சாக்கில் வந்து நின்றார்கள். "நூறு!" என்று ஒருவர் கத்தினார். "நூத்திப்பத்து, எல்லாம் ஓகே!" என்று ஹரீஷ் பதில் கத்தினான். நூற்றிருபத்தைந்தில் பூபதி ஸ்டூலை விட்டு எழுந்தார். நூற்று நாற்பதில் தானே டயல் கேஜை வாங்கி அளக்க ஆரம்பித்தார். முள் நடுவில் நின்ற ஒவ்வொரு முறையும் மாங்காய் ஏலம் எடுக்கிறவர் மாதிரி விரலை உயர்த்தினார். நூற்று ஐம்பத்தொன்பதாவது ஷாஃப்ட் வந்தபோது எல்லோரும் முள்ளை எட்டிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. நூற்றறுபதாவதைப் பூபதி மூன்று முறை அளந்தார்.

"ஓகேவா சார்?" என்றாள் தமிழ்செல்வி.

"ஓகேதான்." இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தார். "ஓகேதாம்மா! மொத்தமே ரெண்டு! துணி! வெறும் ஈரத் துணி! இதுக்காடா ஷெட்டு போடலாம்னு நின்னேன்!" என்று சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. நாகம்மா பயந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி சிரித்தார்.

தமிழ்செல்வி அங்கேயே, மெஷின் மேசையில் தாளை வைத்து அறிக்கையை முடித்தாள். 'ஸ்கேலார் அலை என்று சொல்லப்படுவதற்கு இந்தச் சோதனையில் எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. இயற்பியலும் அதை ஏற்பதில்லை. ரிஜெக்ஷன் குறைந்ததற்குக் காரணம் திருமதி நாகம்மா.' எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டாள். ஆட்காட்டி விரலின் ரேகை முழுசாகப் பக்கத்தில் பதிந்தது.

பூபதி அதைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தொழிலதிபர வெக்கப்பட வெச்சிட்டயே" என்றார். பிறகு, "மேல வா. ஒன் பேப்பரு டேபிள்ல கெடக்குது. நா கையெழுத்துப் போடறதுக்குள்ள நீ ஏதாவது கேக்கணும்னா கேட்டுக்க" என்றார்.

"பத்து மெஷினுக்கும் பிரஷ் வேணும் சார்."

"ஒனக்குன்னு ஒண்ணும் வேணாமா?"

தமிழ்செல்வி யோசித்தாள். பெர்மனென்ட் கடிதம், அவள் சொன்னது சரி என்பதால் வருகிறதா, இல்லை ரிஜெக்ஷன் குறைந்ததால் வருகிறதா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. எழுந்த சந்தேகத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்படியே விட்டுவிட்டாள். "கை கழுவ அஞ்சு நிமிஷம் வேணும் சார்" என்றாள். கழுவப் போனவள் நடக்கவில்லை, படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள். ஈரச் செருப்பு வழுக்கி, கடைசிப் படியில் விழப் பார்த்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே நின்ற ஹரீஷைப் பார்த்து, "நா விழலடா!" என்று கம்பெனி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.